பயன் தீர்ந்த பின்னும்: முதிய குதிரையும் முஸ்லிம் சட்ட மரபும்

உமர் (ரலி) அவர்கள் தமக்குரிய குதிரை ஒன்றை இறைவழியில் அறமாக ஒருவருக்கு வழங்கினார்கள். அதன் பெயர் 'அல்வர்த்' என்று இப்னு ஸஅத் குறிப்பிடுகிறார். சில காலம் சென்று அவர்கள் அக்குதிரையைக் கண்டபோது, அது பேணுவாரற்றுச் சீர்குலைந்த நிலையில் இருந்தது. மலிவான விலைக்கு அதனை மீட்டுவிடலாம் என்றெண்ணி நபி (ஸல்) அவர்களிடம் கருத்துக் கேட்டார்கள். ஒரு திர்ஹத்துக்கே கிடைப்பதாயினும் வாங்க வேண்டாம் என்று நபியவர்கள் தடுத்துவிட்டார்கள். கொடுத்த தருமத்தைத் திரும்பப் பெறுவது இழிவான செயல் என்பதே அத்தடைக்குக் காரணம்.

புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெறும் இந்நிகழ்ச்சியைச் சட்ட அறிஞர்கள் வழக்கமாக 'அன்பளிப்பை மீளப் பெறுதல்' என்னும் தலைப்பின் கீழ் ஆராய்வர். அது சரியே. ஆயினும் கதையில் மூன்றாவதாக ஓர் உயிரும் நிற்கிறது. கொடுத்தவரைப் பற்றியும் பெற்றவரைப் பற்றியும் பேசி முடித்த பின், அந்தக் குதிரையின் கதி என்ன என்ற கேள்வி நம் உள்ளத்தில் எஞ்சுகிறது. முஸ்லிம் தொகுப்பின் ஓர் அறிவிப்பில் மட்டும் காணப்படும் சிறு தொடர் ஒன்று இக்கேள்வியை மேலும் கூர்மையாக்குகிறது. குதிரையைப் பெற்றவர் பொருள் வளம் குறைந்தவராக இருந்தார் என்கிறது அத்தொடர். அவர் கொடியவர் என்று அறிவிப்பாளர் சொல்லவில்லை. வறியவர் என்று மட்டுமே சொல்கிறார்.

உழைக்கும் விலங்கின் வாழ்வில் இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு பெரிது. பயன் தரும் வரை குதிரைக்குத் தீனி வைப்பதற்குச் சட்டமும் அறமும் தேவையில்லை; தன்னலமே போதும். பல் தேய்ந்து, மூட்டு இறுகி, சுமை இழுக்க இயலாத நாள் வரும்போதுதான் ஒரு சமூகத்தின் அறம் சோதிக்கப்படுகிறது. அச்சோதனையில் நம் மரபு என்ன சொன்னது, என்ன செய்தது, எங்கே தவறியது என்பதை இக்கட்டுரையில் காண முயல்வோம்.

சட்டம் வகுத்த கடமை

குதிரைக்கு இஸ்லாமிய மரபில் உள்ள சிறப்பு வாசகர் அறிந்ததே. பாய்ந்தோடும் குதிரைகள் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் அத்தியாயம் ஒன்று திருக்குர்ஆனில் உண்டு. குதிரைகளின் நெற்றி முடியில் மறுமை நாள் வரை நன்மை பிணைக்கப்பட்டுள்ளது என்ற கருத்துடைய நபிமொழி பலரும் அறிந்தது. இறைவனுக்காக ஒருவர் குதிரை வளர்த்தால், அது உண்பதும் பருகுவதும், ஏன் அதன் சாணமும் சிறுநீரும்கூட, அவருடைய நன்மைத் தட்டில் வைக்கப்படும் என்று புகாரியில் வரும் நபிமொழி உணர்த்துகிறது. இங்கு நன்மையாக எண்ணப்படுவது குதிரை வென்ற போர் அன்று. அது தின்ற தீனி. இந்நுட்பம் கருதத்தக்கது.

குதிரையின் பிடரிமயிரையும் வாலையும் கத்தரிக்க வேண்டாம் என்றும், பிடரிமயிர் அதற்குக் கதகதப்புத் தருவது, வால் அதற்கு ஈ ஓட்டும் விசிறி என்றும் பொருள்படும் அறிவிப்பு அபூதாவூதில் உள்ளது. மனிதக் கண்ணுக்கு அழகாகத் தெரிவதை விலங்கின் தேவையாகப் பார்க்கும் பார்வை இது. பசியாலும் ஓயாத உழைப்பாலும் வாடிய ஒட்டகம் ஒன்றைக் கண்ட நபியவர்கள் அதன் உரிமையாளரை அழைத்துக் கண்டித்த நிகழ்ச்சியும் அதே தொகுப்பில் பதிவாகியுள்ளது.

இவ்வறவுரைகளைச் சட்டமாக வடித்தவர்கள் ஃபிக்ஹு அறிஞர்கள். நம் கடற்கரை ஊர்களின் மத்ரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்படும் 'மின்ஹாஜ்' என்னும் நூலில், இமாம் நவவி (ரஹ்) அவர்கள் (மறைவு ஹி. 676 / கி.பி. 1277) விலங்குகளின் பராமரிப்பைக் குடும்பத்தாரின் பராமரிப்பு பற்றிய பாடத்தின் இறுதியிலேயே வைத்துப் பேசுகிறார்கள். தீனியும் நீரும் தருவது உரிமையாளர் மீது கடமை. அவர் மறுத்தால் அதிகாரி அவரைக் கட்டாயப்படுத்த வேண்டும். உண்ணத் தகுந்த விலங்காயின் விற்றல், தீனியிடுதல், அறுத்தல் ஆகிய மூன்றில் ஒன்றை அவர் செய்தாக வேண்டும். உண்ணத் தகாததாயின் விற்றலோ தீனியிடுதலோ செய்தாக வேண்டும். பட்டினி போடுதல் என்ற நான்காம் வழிக்கு இடமில்லை.

ஆனால் இங்கே ஓர் ஐயம் எழலாம். வேலை செய்யும் விலங்குக்குத் தீனியிடுவது கைம்மாறு. வேலை செய்யாத விலங்குக்கும் அதே கடமை உண்டா? இதற்கு மிகத் தெளிவான விடை தந்தவர் 'அறிஞர்களின் சுல்தான்' என்று போற்றப்பட்ட இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் (மறைவு ஹி. 660 / கி.பி. 1262). தமது 'கவாஇதுல் அஹ்காம்' நூலில் மனிதர் மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை அவர்கள் வரிசைப்படுத்துகிறார்கள். அவற்றுள் முதலாவது, அவ்வினத்துக்கு உரிய அளவில் அதற்குச் செலவிட வேண்டும் என்பது. அது முடங்கிப்போய், அல்லது நோயுற்று, அதனால் எந்தப் பயனும் பெற இயலாத நிலையை அடைந்துவிட்டாலும் அவ்வுரிமை நீங்காது என்று உடனேயே சேர்த்துச் சொல்கிறார்கள். தாங்க இயலாத சுமையை ஏற்றாதிருத்தல், அதற்குத் தீங்கு செய்யும் பிற விலங்குகளுடன் சேர்த்து அடைக்காதிருத்தல் முதலியன தொடர்ந்து வருகின்றன.

'உரிமை' என்ற சொல்லை நாம் கவனிக்க வேண்டும். இரக்கத்தை உள்ளம் இளகும்போது காட்டி, இறுகும்போது விட்டுவிடலாம். உரிமை அத்தகையதன்று, அதன் முன் நாம் கடனாளிகள். மம்லூக் தளபதிகளை அரசுக் கருவூலத்தின் அடிமைகளே எனத் தீர்ப்பளித்து ஏலத்தில் விற்கச் செய்தவர் இந்த அறிஞர் என்பது வரலாறு. வலியவரிடம் சட்டத்தைத் தளர்த்தாத அதே கை, வாய் பேசாத கிழட்டு விலங்குக்கும் சட்டத்தைத் தளர்த்தவில்லை.

ஆட்சியாளருள் இக்கடமையை ஆணையாக்கியவர்க்கு எடுத்துக்காட்டாக உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களைச் (ஆட்சி கி.பி. 717–720) சொல்லலாம். அஞ்சல் குதிரைகளுக்குக் கனத்த கடிவாளம் இடுவதையும், முனையில் இரும்பு பொருத்திய கோலால் குத்துவதையும் அவர்கள் தடை செய்தார்கள். எகிப்தில் ஒட்டகங்கள் மீது ஆயிரம் ராத்தல் ஏற்றப்படுவதைக் கேள்வியுற்று, அறுநூறு ராத்தலுக்கு மேல் ஏற்றலாகாது என்று ஆளுநருக்கு எழுதினார்கள்.

வாய் பேசாத நோயாளி

கடமையைச் சட்டம் சொல்லும். அதை எவ்வாறு நிறைவேற்றுவது என்பதை அறிவே சொல்ல வேண்டும். அந்த அறிவுத்துறைக்கு அரபியில் 'பைதரா' என்று பெயர். குதிரை மருத்துவர் 'பைதார்'. இச்சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. நம் நாட்டு லாயங்களில் வழங்கிய 'சாலோத்ரி' என்ற உருதுச் சொல்லோ வடமொழி மரபின் சாலிஹோத்திரர் பெயரிலிருந்து பிறந்தது. ஒரே லாயத்தில் பல நாட்டு அறிவுகள் கலந்ததற்கு இச்சொற்களே சான்று.

கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் அப்பாஸிய அரசவையின் குதிரைப் பணியிலிருந்த இப்னு அகீ ஹிஸாம் இத்துறையின் முன்னோடி நூலை எழுதினார். அஹ்மத் இப்னு ஹஸன் இப்னுல் அஹ்னஃபின் பைதரா நூலுக்கு ஹி. 605இல் பக்தாதில் எழுதப்பட்ட ஓவியப் பிரதி இன்றும் கெய்ரோவில் உள்ளது. அந்துலூசின் இப்னுல் அவ்வாம் தம் வேளாண்மைப் பெருநூலில் குதிரை வளர்ப்புக்கும் மருத்துவத்துக்கும் இடம் ஒதுக்கினார். மம்லூக் சுல்தான் அந்நாஸிர் முஹம்மது இப்னு கலாவூனுக்காக அபூபக்ர் இப்னுல் பத்ர் எழுதிய நூல், சுல்தானின் பெயராலேயே 'அந்நாஸிரி' என்று அறியப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அது பிரெஞ்சு மொழியில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது.

இத்துறை எவ்வளவு பொறுப்புடையதாகக் கருதப்பட்டது என்பதற்குச் சந்தைக் கண்காணிப்பாளருக்கான 'ஹிஸ்பா' நூல்கள் சான்று. கி.பி. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஷைஸரியின் கைநூலில் பைதார்களுக்கெனத் தனி அத்தியாயமே உண்டு. மனித மருத்துவத்தைவிட விலங்கு மருத்துவம் கடினமானது, ஏனெனில் நோயாளி தன் நோவைச் சொல்ல இயலாது என்கிறார் அவர். அறியாமையுடன் சூடு போட்டோ குருதி வடித்தோ விலங்கைக் கெடுத்த மருத்துவர் அதன் இழப்பை ஈடு செய்ய வேண்டும் என்பதும் அங்கே விதியாகிறது.

முதுமையை அறிவதற்கு இம்மருத்துவர்கள் நாடியது பல். அரபு மொழியில் குதிரையின் வயதுப் பெயர்களே பல்லையொட்டி அமைந்தவை. இரண்டு வயதுக் குதிரை 'ஜதஉ', மூன்றில் 'ஸனிய்யு', நான்கில் 'ரபாஉ'. ஐந்தில் கடைசி முன்பற்களும் நிலைத்துவிட்டால் அது 'காரிஹ்', அதாவது முழு வளர்ச்சி பெற்றது. அதன் பிறகு முன்பற்களின் மேற்பரப்பிலுள்ள குழிவுகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து மறையும். கீழ்த்தாடையில் எட்டு வயதளவில் இது பெரும்பாலும் முடிந்துவிடும். பின்னர்ப் பற்கள் நீண்டு முன்னோக்கிச் சாயும். கண்ணுக்கு மேல் பள்ளம் விழும். முகத்தில் நரை படரும். முதுகு தாழும். 'வாயைப் பார்த்து வயது சொல்லுதல்' என்னும் இக்கலையே சந்தையில் கிழட்டுக் குதிரையை இளங்குதிரையாக விற்பவரிடமிருந்து வாங்குபவரைக் காத்தது.

முதிய குதிரை வேண்டுவது

முதுமைப் பேணல் என்பது என்ன என்பதை இன்றைய கால்நடை மருத்துவம் மேலும் தெளிவாக விளக்குகிறது. குதிரையின் வாழ்நாள் நல்ல கவனிப்பில் இருபத்தைந்து முதல் முப்பது ஆண்டுகள். பதினைந்தைத் தாண்டியதும் அது முதுமையின் வாயிலில் நிற்கிறது. மனிதப் பல் ஒருமுறை முளைத்து நின்றுவிடும். குதிரையின் பல் அவ்வாறன்று. ஈறுக்குள் நீண்டிருக்கும் பல், தேயத் தேய ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வீதம் மேலெழும்பி வருகிறது. அந்த இருப்பு தீர்ந்ததும் மெல்லும் ஆற்றல் போய்விடுகிறது. முதுமையில் பல குதிரைகள் மெலிவது தீனி இல்லாமையால் அன்று. தீனி முன்னால் இருந்தும் மென்று விழுங்க இயலாமையால்தான்.

எனவே முதிய குதிரையைப் பேணுவோர் முதலில் நோக்க வேண்டியது வாய். பாதி மென்ற புல்லுருண்டைகள் தொட்டியருகே விழுந்து கிடந்தால் பல்லில் கோளாறு என்று அறியலாம். கடைவாய்ப் பற்களின் ஓரங்கள் கூராகிக் கன்னத்தையும் நாவையும் கிழிக்கும். பயிற்சியுடையவர் அரத்தால் அவற்றை மட்டப்படுத்த வேண்டும். உலர்ந்த வைக்கோலுக்குப் பதிலாக இளம்புல்லும், நீரில் ஊறவைத்துக் குழைத்த தீனியும், சிறுசிறு அளவாகப் பலமுறை கொடுக்கப்பட வேண்டும். சரியாக மெல்லப்படாத நார் குடலில் அடைத்துக்கொண்டால் கடும் வயிற்றுவலி கண்டு குதிரை இறந்துவிடக்கூடும். குளிர்நாளில் வெதுவெதுப்பான நீர் வைத்தால் அது மிகுதியாகப் பருகும், அடைப்பும் குறையும்.

அடுத்தது மூட்டும் குளம்பும். வேலை இல்லை என்று லாயத்திலேயே கட்டிப்போடுவது கருணையாகத் தோன்றலாம். உண்மையில் அது கேடு. மூட்டழற்சியுற்ற குதிரைக்கு மெதுவான இடைவிடாத நடை வேண்டும். கோடையிலும் உதிராத நீண்ட சுருள் மயிரோடு ஒரு கிழட்டுக் குதிரை நின்றால், மூளையடிச் சுரப்பியின் கோளாறு என்று இன்றைய மருத்துவர் ஐயுறுவர். அந்நோய் குளம்பின் உள்ளழற்சியைத் தூண்டி, நிற்கவே இயலாத வேதனையைத் தரும். மருந்தால் அதைக் கட்டுப்படுத்தலாம். இவை தவிர, குதிரை கூட்டமாக வாழும் விலங்கு. தனிமை அதற்கு ஒரு நோயே. ஆனால் இளங்குதிரைகளோடு ஒரே தொட்டியில் விட்டால் அவை அதை விரட்டிவிட்டுத் தீனியைத் தின்றுவிடும். தீங்கு செய்யும் விலங்குகளுடன் சேர்த்து அடைக்கலாகாது என்ற இமாம் இஸ்ஸுத்தீன் அவர்களின் விதி லாயத்தை நேரில் அறிந்த ஒருவரின் சொல்லாகவே நமக்குத் தோன்றுகிறது.

திமிஷ்கின் புல்வெளி

கடமை தெளிவானது, அறிவும் உண்டு. ஆனால் செலவு யாருடையது? வண்டியோட்டி ஒருவரிடம் ஒரே குதிரை இருக்கிறது. அது முதுமையடைந்து வேலை நின்றால், அவருடைய வருவாயும் நிற்கிறது. அப்போது பழைய குதிரைக்கும் தீனியிட்டுப் புதிய குதிரையும் வாங்குவது அவரால் ஆகுமா? உமர் (ரலி) அவர்களின் குதிரையைப் பெற்றவரின் வறுமை இங்கே மீண்டும் நம் முன் வந்து நிற்கிறது. உரிமையாளரை விற்கச் சொல்லிச் சட்டம் கட்டாயப்படுத்தலாம். கிழட்டுக் குதிரையை வாங்குபவர் யார்? இன்னும் கொடியவராகவோ இன்னும் வறியவராகவோதான் அவர் இருப்பார்.

இவ்விடைவெளியை நிரப்ப முஸ்லிம் சமூகங்கள் கண்ட வழி வக்ஃபு. சிரியாவின் அறிஞர் முஸ்தஃபா அஸ்ஸிபாஈ (1915–1964), நம் நாகரிகத்தின் சிறப்புகளைப் பற்றி எழுதிய நூலில் திமிஷ்கின் 'அல்மர்ஜுல் அக்ளர்' என்னும் பசும்புல்வெளியைக் குறிப்பிடுகிறார். வேலைக்கு இயலாதுபோய், உரிமையாளரால் தீனியிட மறுக்கப்பட்ட குதிரைகள் சாகும்வரை மேய்வதற்கென அது வக்ஃபு செய்யப்பட்டிருந்தது என்பது அவர் தரும் செய்தி. நோயுற்ற விலங்குகளுக்கான வக்ஃபுகளையும் அவர் அதே இடத்தில் சொல்கிறார்.

இச்செய்தியை மேடைகளில் பெருமைக்காகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அந்த அறத்தின் உள்ளமைப்பை எண்ணிப் பார்த்தால்தான் அதன் அறிவு புலப்படும். பரதா ஆற்றின் நீர் வளம் பெற்ற நிலத்தில் மெல்ல எளிதான பசும்புல் உண்டு. பருக நீர் உண்டு. மூட்டு இறுகாதபடி மெல்ல நடந்து மேய இடமுண்டு. தன் இனத்தின் துணையுண்டு. மேலே நாம் கண்ட மருத்துவத் தேவைகளுள் பெரும்பாலானவற்றை ஒரு புல்வெளி தானாகவே நிறைவேற்றிவிடுகிறது. பணம் பங்கிடும் அலுவலரோ விண்ணப்பமோ தேவைப்படாத ஏற்பாடு அது. எல்லாவற்றுக்கும் மேலாக, வறிய உரிமையாளரைக் குற்றவாளியாக்காமல் அவருடைய கடமையைச் சமூகம் தன் தோளில் ஏற்றுக்கொள்கிறது. இமாம் நவவி அவர்களும் இமாம் இஸ்ஸுத்தீன் அவர்களும் கற்பித்த நகரம் அதே திமிஷ்க் என்பது நம் சிந்தனைக்குரியது.

காயலில் நேர்ந்தது

இவ்வளவும் பெருமைக்குரியவை. ஆனால் வரலாற்றை நேர்மையாகப் படிப்போர் நம் கடற்கரைக்கும் வந்தாக வேண்டும். குதிரை வீரரைக் குறிக்கும் 'இராவுத்தர்' என்ற சொல்லைத் தன் பெயராகவே தாங்கிய பெருங்குழு ஒன்று தமிழ் முஸ்லிம்களிடையே உண்டு. காயல் முதலிய பாண்டிநாட்டுத் துறைமுகங்கள் அரபுக் குதிரை வணிகத்தால் செழித்தவை.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இவ்வணிகத்தின் கணக்கைத் தருகிறார். கீஷ் தீவின் ஆட்சியாளர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் தம் சொந்தக் குதிரைகளில் 1400ஐ மஅபர் நாட்டுக்கு அனுப்ப உடன்பாடு. குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார். அவருடைய சகோதரர் தகிய்யுத்தீன் அப்துர்ரஹ்மான் பாண்டிய மன்னரின் அமைச்சராகவும், காயல் உள்ளிட்ட துறைமுகங்களின் பொறுப்பாளராகவும் இருந்தார். உடன்பாட்டின் ஒரு விதி நம்மைத் திடுக்கிட வைக்கிறது: வழியில் இறந்துபோகும் குதிரைக்கும் பாண்டியர் கருவூலமே விலை கொடுக்க வேண்டும். கடலில் மாண்டாலும் வணிகருக்கு இழப்பில்லை.

கி.பி. 1290களில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ இன்னும் கடுமையாகச் சொல்கிறார். மன்னர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறார். அவர் சகோதரர்களும் அவ்வாறே வாங்குகின்றனர். ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை. பேணத் தெரிந்தவர் இங்கு இல்லை. குதிரை மருத்துவரை வணிகர்கள் அழைத்து வருவதுமில்லை, வர விடுவதுமில்லை. குதிரைகள் மடிந்தால்தானே மீண்டும் விற்கலாம் என்பது அவர் சாட்டும் குற்றம். வஸ்ஸாஃபும் தீனியின் குறையைச் சொல்கிறார். வறுத்த தானியத்தை நெய்யிட்டுக் கொடுத்து, காய்ச்சிய பாலைப் புகட்டி, நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்க வைத்து, பின் பயிற்சியின்றி ஏறி ஓட்டுவதால் வலிய குதிரைகளும் விரைவில் பயனற்றுப் போயின என்கிறார் அவர்.

இப்பழியை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. போலோ கேட்டதையும் கண்டதையும் கலந்து சொன்னவர். மேலும் பாலைநிலக் குதிரைக்கு நம் கடற்கரையின் ஈரவெப்பமே பகை. கடிக்கும் ஈக்களால் பரவிக் குதிரைகளைக் கொல்லும் 'சர்ரா' என்னும் நோயின் கிருமியைக் கிரிஃபித் எவான்ஸ் 1880இல் பஞ்சாபில் கண்டறிந்தார். இந்நாட்டில் வேரூன்றிய அந்நோயைப் பற்றிப் பதின்மூன்றாம் நூற்றாண்டினர் எவரும் அறிந்திருக்க இயலாது. கொழுத்த தீனியிட்டு அசையாமல் கட்டிப்போடுவது குளம்பழற்சிக்கு வழி என்பதையும் அன்றைய லாயக்காரர் அறிந்திருக்கவில்லை போலும்.

ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. அரபு மொழியில் பைதரா நூல்கள் பெருகியிருந்த அதே காலத்தில், அந்நூல்களின் அறிவு குதிரைகளோடு கப்பலேறி வந்ததற்கான அடையாளம் இவ்விரு ஆசிரியர்களின் எழுத்திலும் இல்லை. சரக்கு வந்தது, அதைக் காக்கும் கல்வி வரவில்லை. இறந்த குதிரைக்கும் விலை தரும் உடன்பாடு, உயிரோடிருக்கும் குதிரையைப் பேணும் ஊக்கத்தைப் பறித்தது. ஆண்டுக்குள் மாயும் குதிரைகளுக்கு முதுமை ஏது? முதுமையே காணாத இடத்தில் முதியவற்றுக்கான புல்வெளி எழாததில் வியப்பில்லை. வணிகரும் முஸ்லிம்கள், அமைச்சரும் முஸ்லிம். வாங்கிய அரசு தன் பங்குக்குப் பொறுப்பாளியே என்றாலும், நம் பங்கை நாம் மறைக்கலாகாது. உடன்பாடு எழுதும்போது சட்ட நூல் மூடப்பட்டுவிட்டால் அதன் உயர்ந்த விதிகள் எவருக்கும் பயன்படா.

கெய்ரோவின் கிழட்டுப் போர்க்குதிரைகள்

மரபு மறந்த கடனைப் பிறர் வந்து செலுத்திய நிகழ்ச்சி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். முதல் உலகப்போர் முடிந்ததும் பிரிட்டிஷ் படை எகிப்தில் தன் குதிரைகள் பலவற்றை விற்றுவிட்டுச் சென்றது. போர்க்களத்தில் உழைத்த அவை கெய்ரோவின் கல் வண்டிகளிலும் சுமை வண்டிகளிலும் பூட்டப்பட்டன. 1930இல் தம் கணவரான படைத்தளபதியுடன் கெய்ரோ வந்த டாரதி புரூக் என்ற ஆங்கிலப் பெண்மணி, இருபது வயதைத் தாண்டியும் எலும்பும் தோலுமாய் அவை இழுத்துக்கொண்டிருப்பதைக் கண்டார். 1931இல் லண்டன் நாளிதழ் 'மார்னிங் போஸ்ட்'டில் அவர் எழுதிய மடலைப் படித்த மக்கள் பணம் அனுப்பினர். மூன்றாண்டுகளில் சுமார் ஐயாயிரம் குதிரைகளை அவர் விலைக்கு வாங்கினார். பெரும்பாலானவை மீட்க இயலாத நிலையில் இருந்தன. நீரும் தீனியும் படுக்கையும் தந்து, வேதனையின்றி அவற்றின் வாழ்வை முடித்துவைத்தார். 1934இல் கெய்ரோவில் இலவச விலங்கு மருத்துவமனை ஒன்றை நிறுவினார். 1955இல் அந்நகரிலேயே மறைந்தார். அவர் தொடங்கிய பணி இன்றும் பல நாடுகளில் உழைக்கும் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் தொடர்கிறது.

அந்தப் பெண்மணி உரிமையாளர்களைக் கொடியவர்களாக நடத்தவில்லை. மாற்று விலங்கு வாங்கப் போதுமான விலையைத் தந்து குதிரையைப் பெற்றார். பின்னர் மருத்துவத்தை இலவசமாக்கினார். கொடுமையின் வேர் வறுமையில் இருப்பதை அவர் கண்டுகொண்டார். வக்ஃபின் உள்ளுணர்வும் இதுவே. ஆனால் எகிப்தில் 1809 முதல் 1814 வரை முஹம்மது அலீ பாஷா அறக்கட்டளை வேளாண் நிலங்களை அரசுடைமையாக்கியபோது, அத்தகைய அறங்களின் பொருளாதார வேரே அறுபட்டிருந்தது. இமாம் இஸ்ஸுத்தீன் அவர்கள் அடக்கமாகியுள்ள நகரத்தில் அவருடைய விதியை நிறைவேற்ற வேற்று நாட்டு நாளிதழின் வாசகர்கள் தேவைப்பட்டனர். குதிரைகளை விற்றுச் சென்றதும் அவர்களின் படையே என்பதையும் நாம் மறக்கவில்லை.

வேதனையை முடித்துவைத்தல் குறித்து ஃபிக்ஹில் தனி ஆய்வு உண்டு. உண்ணத் தகாத விலங்கை, அது முடங்கிய கழுதையேயாயினும், துன்பம் தீர்க்கவென அறுப்பதும் கூடாது என்பது பிற்கால ஷாஃபிஈ நூல்களின் நிலைப்பாடு. குதிரை ஷாஃபிஈ மத்ஹபில் உண்ணத் தகுந்தது என்பதால் அதை அறுக்க இடமுண்டு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் அதன் இறைச்சியை வெறுக்கத்தக்கதெனக் கருதினார்கள். மீளாத வேதனையில் துடிக்கும் விலங்கின் நிலை குறித்து இக்கால அறிஞர்கள் மேலும் ஆராய்கின்றனர். எம்முடிவாயினும், கத்தியைக் கூராக்கி விலங்கின் வேதனையைக் குறைக்கப் பணித்த நபிமொழி அதற்கு எல்லை வகுக்கிறது. 'செலவு தாங்கவில்லை' என்பதை 'வேதனை தாங்கவில்லை' என்று பெயர் மாற்றிச் சொல்லும் தந்திரத்துக்கு மட்டும் எவரும் இடம் தரவில்லை.

நம் வாயிற்படியில்

ஜட்கா வண்டிகள் நம் தெருக்களிலிருந்து மறைந்துவிட்டன. குதிரை இல்லாமற்போகவில்லை. சென்னைக் கடற்கரையில் குழந்தைகளைச் சுமக்கிறது. திருமண ஊர்வலங்களில் நிற்கிறது. உதகையின் சாலைகளில் கைவிடப்பட்டுக் குப்பையில் தீனி தேடுகிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் முதுமையாலோ நோயாலோ இயலாத விலங்கை வேலை வாங்குவதைக் குற்றமாக்கியுள்ளது. காரணமின்றிக் கைவிடுவதும் அதன்படி குற்றமே. ஆனால் தண்டிக்கும் சட்டம் தீனித்தொட்டியை வைப்பதில்லை. வேலை வாங்காதே, கைவிடாதே என்று வறியவரிடம் சொல்லிவிட்டு வேறு வழி காட்டாவிட்டால், அவர் இரவோடிரவாகக் குதிரையை ஊருக்கு வெளியே விட்டுவிடுவார்.

வக்ஃபு நிலங்களைப் பற்றி நம்மிடையே நடக்கும் உரையாடல் பெரும்பாலும் வாடகை, ஆக்கிரமிப்பு, வழக்கு என்றே முடிகிறது. அவை வேண்டியவையே. இருப்பினும் ஒரு வக்ஃபு எதற்காக என்ற வினாவை, வாய் பேசாத ஓர் உயிரின் பக்கமிருந்தும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நன்று. வேலியிட்ட சில ஏக்கர் புல், ஒரு நீர்த்தொட்டி, மாதமிருமுறை வந்துபோகும் ஒரு கால்நடை மருத்துவர். இதற்குப் பேரரசு தேவையில்லை. ஒரு ஜமாஅத் போதும்.

உமர் (ரலி) அவர்கள் அந்தக் குதிரையைத் திரும்ப வாங்கவில்லை. கொடுத்த கை மீண்டும் எடுக்கலாகாது என்ற பாடம் நமக்குக் கிடைத்தது. ஆனால் வறிய ஒருவர் கையில் வாடிய அக்குதிரைக்குத் தீனியிட வேண்டாம் என்று எவரும் தடுக்கவில்லை. அந்த வாயில் அன்று திறந்திருந்தது. இன்றும் திறந்தே இருக்கிறது.